நடத்தைக்கு ஆறு மார்க்

அந்தக் கோடையில் ஓர்னெல்லா நாலு பேருக்கு மனசாட்சி எழுதிக் கொடுத்தாள்.

வேறு பிழைப்பு இல்லாமல் செய்தாள் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. லத்தீனிலும் கிரேக்கத்திலும் தோற்ற பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் டியூஷன் எடுப்பது அவளுக்குப் பழகிய வேலை. தெற்கு இத்தாலியின் பிரிண்டிசி ஊரில் பாதி அம்மாக்களுக்கு அவள் வீட்டு அழைப்பு மணி எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் அந்த ஜூனில் ரிசல்ட் ஒட்டியபோது புதிதாக ஒரு சங்கதி முளைத்திருந்தது. நடத்தைக்கும் மார்க் உண்டு என்பது பழைய கதைதான். பத்துக்கு எட்டோ ஒன்பதோ போட்டு அனுப்பிவிடுவார்கள், யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்போது சட்டத்தை மாற்றிவிட்டார்கள். ஐந்து வாங்கினால் அந்த வருடமே போச்சு. ஆறு வாங்கினால் அந்தரத்தில் தொங்க வேண்டும். ஏன் அப்படி நடந்துகொண்டேன், அதிலிருந்து என்ன கற்றேன், நல்ல குடிமகன் என்பவன் யார் என்று ஒரு கட்டுரை எழுதி, செப்டம்பரில் ஆசிரியர்கள் முன்னால் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். தேறினால் அடுத்த வகுப்பு, தேறாவிட்டால் அதே பெஞ்சு.

மூன்றாம் வருட வகுப்பில் நாலு பேர் ஆறு வாங்கியிருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால், தீப்பிடித்தால் இறங்கி ஓடுவதற்கென்று வைத்த இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரே ஒரு கஞ்சா சுருட்டைக் கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தபோது அகப்பட்டவர்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். ஒரே வாரத்தில் நாலு அம்மாக்களும் வந்து மணியை அடித்தார்கள். லத்தீன் மாதிரிதானே, நீங்க சொல்லிக் கொடுத்தால் எழுதிவிடுவான் என்றார்கள். சொல்லிக் கொடுப்பதென்றால் எழுதிக் கொடுப்பது என்று இரண்டு தரப்புக்கும் தெரியும்.

மனம் திருந்துவதில் அதிக ரகம் கிடையாது என்பதை மூன்றாவது கட்டுரையில் ஓர்னெல்லா கண்டுகொண்டாள். முதல் பையனுக்கு அம்மாவின் கண்ணீரைக் கொடுத்தாள். இரண்டாமவனுக்குக் கால்பந்துப் பயிற்சியாளரின் அறிவுரை. மூன்றாமவனுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. போதைக்கு அடிமையாகி இளவயதிலேயே செத்துப்போன சித்தப்பா ஒருவரை உண்டாக்கி, அவர் சவப்பெட்டியைத் தொட்டுச் சத்தியம் செய்ததாக எழுதிக் கொடுத்தாள். பையன் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, நல்லாருக்கு என்றான்.

நாலாவது ஆள் சவேரியா. பதினேழு வயது. அவள் அம்மா பீனா, துறைமுகத்துக்குப் போகிற சாலையில் பார்லர் வைத்திருந்தாள். பணத்தைப் பற்றிப் பேசாதே, ஒரு வருஷத்துக்கு உன் தலைமுடி என் பொறுப்பு என்று சொல்லி, பார்லருக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் இருவரையும் உட்கார வைத்தாள். சாயக் குழாய்களும் துண்டுகளும் அடுக்கிய அலமாரி, காபி அடுப்பு, ஒரு மேஜை. முன்பக்கம் முடி உலர்த்தும் இயந்திரம் இரைந்துகொண்டே இருக்கும். வெளியே தெற்குக் காற்று ஊரையே வேக வைத்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் வந்தாலே ஓர்னெல்லாவுக்கு இருப்புக்கொள்ளாது. முப்பத்தொரு வயது ஆகிவிட்டது. பள்ளிகளில் ஓராண்டு தற்காலிக ஆசிரியர் வேலைக்கான பட்டியலில் ஆறு வருடமாக அவள் பெயர் இருக்கிறது. ஆறு வருடமும் பட்டியல் அவளுக்கு நாலைந்து பெயர் முன்னால் வந்து நின்றுவிடும். இந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் வரும் என்றார்கள். அவளோ முதல் தேதியிலிருந்தே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கைபேசியை எடுத்துப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடி எடுப்பாள். நகம் கடித்துக் கடித்து விரல் நுனி சிவந்திருந்தது. உட்கார்ந்தால் வலது முழங்கால் தானாக ஆடத் தொடங்கும்.

ஒருநாள் காபி போட வந்த பீனா அதைப் பார்த்தாள்.

“கால ஆட்டாத கண்ணு, மேஜையே ஆடுது. இந்தா, பத்து சொட்டு போட்டுத் தாரேன். ஒண்ணும் பண்ணாது. நான் பதினஞ்சு வருஷமா குடிக்கிறேன், செத்தா போயிட்டேன்?”

சர்க்கரை டப்பாவுக்கும் காபித்தூளுக்கும் நடுவில் ஒரு சின்னப் பழுப்புப் பாட்டில் நின்றது. அந்த ஊரில் அதை யாரும் மருந்து என்று சொல்வதில்லை. சொட்டு, அவ்வளவுதான். படபடப்புக்குச் சொட்டு, தூக்கத்துக்குச் சொட்டு. சாவு வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கும், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும், விமானம் ஏறப் பயப்படுகிற மாமியாருக்கும் கிளம்புமுன் ஒரு வாய்த் தண்ணீரில் எண்ணி ஊற்றுவார்கள். டாக்டர் சீட்டு வேண்டும் என்று பாட்டில் மேலேயே எழுதியிருக்கும். தெரிந்த முகம் என்றால் மருந்துக்கடைக்காரர் அதைப் படிக்க மாட்டார்.

ஓர்னெல்லா குடித்தாள். கால்மணி நேரத்தில் முழங்கால் அடங்கியது, தோள் இறங்கியது, பட்டியல் வந்தால் வரட்டும் என்று ஒரு தெம்புகூட வந்தது. பீனாவுக்குப் பொறாமை.

“உனக்குக் கேக்குது. எனக்கு இப்பல்லாம் நாப்பது ஊத்தினாலும் விடிய விடிய கொட்டக் கொட்ட முழிச்சுக் கெடக்கேன். முன்ன பத்துக்கே கண்ணு சொக்கும். கம்பெனிக்காரன் தண்ணி கலக்குறான், வேற என்ன.”

சவேரியா பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மூன்று வகுப்புகளில் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. ஆமாம், இல்லை, தெரியாது. அம்மாவின் கண்ணீரையும் பயிற்சியாளரையும் சித்தப்பாவையும் செலவழித்துவிட்ட ஓர்னெல்லாவுக்கு உண்மையான சில்லறை விவரம் ஏதாவது தேவைப்பட்டது. படிக்கட்டில் என்ன நடந்தது, யார் முதலில் கொடுத்தார்கள், அன்று என்ன மனநிலை என்று குடைந்தாள். கட்டுரையில் ஒரு நிஜம் இருந்தால் மீதிப் பொய்யெல்லாம் அதன் மேல் சாய்ந்து நின்றுகொள்ளும் என்பது அவளுடைய தொழில் ரகசியம்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, நாலாவது வகுப்பில், சவேரியா பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“நானே எழுதிட்டேன்.”

ஒரே பக்கம். மேலே தேதி போட்டிருந்தது. தலைப்பு இல்லை. படிக்கட்டில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு இழுப்பு இழுத்து இருமினேன், அது பிடிக்கவும் இல்லை என்று ஆரம்பித்தது. எனக்கு ஆனதெல்லாம் வீட்டில் ஆனது என்று அடுத்த வரி. முதல் வருடம் கிரேக்க வாய்மொழித் தேர்வன்று வாந்தி வந்ததால் அம்மா பத்து சொட்டு கொடுத்தாள். எட்டு மார்க் வந்தது. அடுத்த தேர்வுக்கு அவளே ஊற்றிக்கொண்டாள். பிறகு தேர்வு இல்லாத நாட்களிலும். இப்போது காலையில் எத்தனை, பள்ளிக் கழிப்பறையில் எத்தனை, சனிக்கிழமை பியரோடு எத்தனை, எந்த மாதத்திலிருந்து, எந்த மருந்து, எல்லாம் எழுதியிருந்தாள். இரண்டு முறை நிறுத்திப் பார்த்தாளாம். முதல் முறை கை நடுங்கி முள்கரண்டியைப் பிடிக்க முடியவில்லை. இரண்டாம் முறை குளியலறையில் விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஈரத்தில் வழுக்கியது என்று அம்மாவிடம் சொன்னாள். அம்மா வாங்குகிற ஒவ்வொரு பாட்டிலிலும் மருந்தை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறாள். ஒரு வருடத்துக்கும் மேலாக அம்மா குடிப்பது வெறும் தண்ணீர்தான்.

ஓர்னெல்லாவுக்கு முதலில் தோன்றியது இது: அப்படியென்றால் அன்று நான் குடித்த பத்து சொட்டும் தண்ணீர்தானா? தண்ணீருக்கா என் முழங்கால் அடங்கியது? ஒரு பெண் தன் உயிரை எடுத்து மேஜையில் வைத்திருக்கும்போது தன் முழங்காலைப் பற்றி நினைத்தோமே என்று பின்னால் பலநாள் அவள் கூசிப்போனாள். இரண்டாவது தோன்றியது, இதைக் கொடுக்க முடியாது என்பது. அதைத்தான் வாய்விட்டுச் சொன்னாள்.

“ஏன்? உண்மைதான கேட்டாங்க.”

“அவங்க கேட்டது படிக்கட்டு விஷயம். இதக் குடுத்தா உங்கம்மாவக் கூப்பிடுவாங்க, சமூகநலத்துறைக்காரங்க வருவாங்க, மருந்துக்கடைக்காரர் மாட்டுவார், ஊரே பேசும். உன் வருஷமும் போயிரும். மொதல்ல நீ பாஸ் பண்ணு. செப்டம்பர்ல நாம ஒரு டாக்டரப் பாப்போம்.”

“நாமன்னா?”

“நீயும் நானும்.”

சவேரியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். முந்தைய மூன்று வகுப்பில் ஒருமுறைகூட அவள் அப்படி நேராகப் பார்த்ததில்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டாள்.

“சரி. நீ எழுது.”

ஓர்னெல்லா அந்தத் தாளை மடித்துத் தன் கைப்பையின் உள்ஜிப்பில் போட்டுக்கொண்டாள். கிழித்துப் போடவும் மனம் வரவில்லை, திருப்பிக் கொடுக்கவும் தைரியம் வரவில்லை. அன்று மாலையே வீட்டு ஜன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தக்காளி பிழிந்து தின்றுகொண்டே, கட்டுரையை முடித்தாள். ‘அந்தப் புகை எனக்கு சுதந்திரம் போலத் தெரிந்தது. சுதந்திரம் கலைந்து போகாது, புகைதான் கலைந்து போகும்’ என்று ஒரு வரி வந்து விழுந்தது. அதை இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்து, சந்தோஷப்பட்டாள். நாலில் இதுதான் சிறந்தது என்று நினைத்தாள்.

அதன்பிறகு நிம்மதி போயிற்று. ஆகஸ்டில் எந்த டாக்டர் ஊரில் இருக்கிறார், எல்லோரும் கடற்கரையில் கிடக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சவேரியாவுக்குக் கைபேசியில் செய்தி எழுதுவாள், அழிப்பாள். பதினைந்தாம் தேதி மாதா திருநாளன்று ஊரே கடலில் இறங்கியிருந்தபோது, தூரத்தில் அந்தப் பெண் துண்டு விரித்துக் குப்புறப் படுத்திருப்பதைப் பார்த்தாள். வெயிலில் ஒரு மணி நேரம் அசையவே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்க்க எழுந்தாள், மணல் சுட்டது, மறுபடி உட்கார்ந்தாள். சவேரியா ஒருவழியாகப் புரண்டு படுத்ததும்தான் ஓர்னெல்லாவுக்கு மூச்சு வந்தது.

இருபத்தொன்பதாம் தேதி காலை பட்டியல் வந்தது. அவள் பெயரும் வந்தது. ஓராண்டு வேலை, இத்தாலிய மொழியும் குடிமைக் கல்வியும். எந்தப் பள்ளி என்று பார்த்தாள், எந்த வகுப்பு என்று பார்த்தாள். அந்த நாலு பேரின் வகுப்பேதான். மாடியிலிருந்து கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சந்தோஷத்தில் செருப்பை மாற்றாமல் பீனாவின் பார்லருக்கு ஓடினாள். பீனா சாயக் கையோடு கட்டிக்கொண்டு, இனிமேல் நீ அசல் டீச்சர் என்று அழுதாள். தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்த சவேரியா நிமிர்ந்தாள்.

“அப்ப நீ எழுதினதுக்கு நீயே மார்க் போடுவியா?” என்றாள். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, “இனிமே நீங்கன்னுதான் கூப்பிடணும், இல்ல?” என்றாள்.

அப்போதுதான் ஓர்னெல்லாவுக்கு உறைத்தது. கட்டுரைகளை நான்தான் எழுதினேன் என்று தெரிந்தால் வேலை அன்றே போய்விடும். பட்டியலிலிருந்தும் பெயரை அடித்துவிடுவார்கள். ஆறு வருடம் காத்திருந்தது இதற்காகவா? செப்டம்பர் நாலாம் தேதி மட்டும் கழியட்டும், ஐந்தாம் தேதியே டாக்டரிடம் அழைத்துப் போகிறேன் என்று மாதாவின் படத்துக்கு முன்னால் சொல்லி வைத்தாள்.

நாலாம் தேதி காலை, நீள மேஜையைச் சுற்றி ஆறு ஆசிரியர்கள் உட்கார்ந்தார்கள். நடுவில் செமெராரோ. கணக்கு வாத்தியார், வகுப்புக்குப் பொறுப்பாளர், ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. இந்தக் கட்டுரை வேலையே அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்குக் கணக்குத்தான் தெரியும், இவன் திருந்திவிட்டானா என்பதற்கு எந்தச் சூத்திரத்தைப் போடுவது என்று முணுமுணுத்துக்கொண்டே, குடிமைக் கல்விக்கு ஆள் வந்துவிட்டதே என்று ஓர்னெல்லாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதல் பையன் அம்மாவின் கண்ணீரைச் சொன்னான். இரண்டாமவன் பயிற்சியாளரைச் சொன்னான். தன் வாக்கியங்கள் அடுத்தவர் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு மேஜைக்கடியில் முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாள் ஓர்னெல்லா. மூன்றாமவன் சித்தப்பாவின் சாவுக்கு வந்தபோது கதவருகே ஏதோ விழுந்தது. அந்தப் பையனுக்கு இருக்கிற ஒரே சித்தப்பா அந்தப் பள்ளியின் பியூன் என்பது ஓர்னெல்லாவுக்குத் தெரியாது. காபித் தட்டோடு வந்த மனிதர் தன் சவப்பெட்டியைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். செமெராரோ அவரையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், இலக்கியத்தில் இதெல்லாம் உண்டு என்று சொல்லிப் பாஸ் போட்டார். யாருக்கும் சண்டை பிடிக்க ஆசை இல்லை. வெயில் அப்படி.

பிறகு சவேரியா வந்தாள். வெள்ளைச் சட்டை, வாரிக் கட்டிய முடி. பீனா வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

நடையிலேயே ஓர்னெல்லாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் தண்ணீருக்குள் நடப்பது போல நடந்தாள். நாற்காலியைக் கையால் தடவி இருக்கிறதா என்று பார்த்து உட்கார்ந்தாள். கட்டுரையைப் பார்க்காமலே ஒப்பித்தாள், ஒரு சொல் பிசகவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தடித்து, தாமதித்து வந்தது. ‘சுதந்திரம்’ என்ற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டு இரண்டாம் முயற்சியில்தான் விட்டது. இமைகள் பாதியில் நின்றன.

செமெராரோ பக்கத்தில் குனிந்து, எவ்வளவு நிதானம் பாருங்கள், மற்ற மூன்றும் பரபரவென்று ஒப்பித்தன, இவள் யோசித்துப் பேசுகிறாள் என்றார். குடிமைக் கல்வி டீச்சர் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றார்.

இப்போது சொல்லலாம் என்று ஓர்னெல்லாவுக்குத் தெரியும். இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்ற ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதற்கு அடுத்தது, உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது. கடைசியில் போய் நிற்பது அந்தப் பட்டியலில்.

“இந்தக் கட்டுரையில எந்த வரி உனக்கு ரொம்ப உண்மையாத் தோணுது?” என்று கேட்டாள்.

சவேரியா பாதி மூடிய இமைகளை உயர்த்தி அவளைப் பார்த்தாள்.

“நீங்களே சொல்லுங்க, டீச்சர்.”

மேஜையைச் சுற்றி எல்லோரும் புன்னகைத்தார்கள். மரியாதையான பிள்ளை என்றார் ஒருவர். செமெராரோ தேர்ச்சி என்று எழுதிப் பதிவேட்டைச் சுற்றிவிட்டார். அது ஆளாளாக நகர்ந்து ஓர்னெல்லாவிடம் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். இதை மழுப்பிச் சொல்ல வழியில்லை. தெரிந்தே போட்டாள், கை நடுங்காமல் போட்டாள்.

போகலாம் என்றதும் சவேரியா எழுந்தாள். மேஜை விளிம்பைப் பிடித்தாள், பிடி நழுவியது. நாற்காலியோடு பக்கவாட்டில் சரிந்து விழுந்தாள்.

ஆம்புலன்ஸ் வர எட்டு நிமிஷம் ஆனது. அந்த எட்டு நிமிஷமும் பீனா மகளின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, பசி மயக்கம், பயம் என்று எல்லோரிடமும் சொன்னாள். பச்சை உடையில் வந்த பெண் டாக்டர் இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்துவிட்டு நேராகக் கேட்டார்.

“என்ன சாப்பிட்டா? எவ்வளவு?”

“ஒண்ணுமில்ல, சொட்டுதான். வாசல்ல தண்ணியில கலந்து குடுத்தேன், படபடப்பு அடங்கட்டும்னு. எப்பவும் நான் குடிக்கிறதுதான். நாப்பது.”

“பீனாக்கா,” என்றாள் ஓர்னெல்லா. “புதுப் பாட்டிலா?”

“நேத்து வாங்கினேன். ஏன்?”

“பழசுல இருந்தது தண்ணி. ஒரு வருஷத்துக்கு மேல. அவ எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருந்தா. இன்னிக்குக் காலையிலயும் அவளாவே குடிச்சிருப்பா.”

பீனாவுக்குப் புரியவில்லை. புரிந்தபோது மகளின் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

எவ்வளவு நாளாக, எவ்வளவு, வேறு எதோடு என்று டாக்டர் அடுக்கினார். ஓர்னெல்லா கைப்பையைத் திறந்தாள். உள்ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. பல்லைக் கடித்துத் துணியோடு சேர்த்துக் கிழித்தாள். நாலாக மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

டாக்டர் நின்றபடியே படித்தார். ஒரு கையால் வாக்கிடாக்கியை எடுத்து, மருந்தின் பெயரையும் காலை அளவையும் பகல் அளவையும், மாதங்களையும், நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கலாம் என்பதையும் மருத்துவமனைக்கு வரிசையாகச் சொன்னார். ஆளாளுக்கு நல்லதே எழுதிய அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்று உயிருக்கு உதவியது அந்த ஒரு பக்கம்தான். இதுபோதும் என்று அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரோடு இறங்கிப் போனார். பீனா பின்னால் ஓடினாள்.

அறையில் மற்றவர்கள் இருந்தார்கள். செமெராரோ டாக்டரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துத் தேதியைப் படித்திருந்தார்.

“ஆகஸ்ட் ஒம்பது. அது எப்படி உங்ககிட்ட?”

“கட்டுரைய நான்தான் எழுதினேன். நாலையும். இதை அவ எழுதிக் குடுத்தா, நான்தான் வேண்டாம்னு சொன்னேன்.”

கதவருகே நின்ற பியூன் வாயைத் திறந்தார்.

“அப்ப என்னக் கொன்னது நீங்கதானா?” என்றார். அதில் கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

விளக்கம் கேட்டுக் கடிதம் வருமுன்பே ஓர்னெல்லா நடந்ததைத் தானாக எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து வெளியேறினாள். அந்தக் கோடையில் தன் பெயரைப் போட்டு அவள் எழுதிய முதல் சங்கதி அதுதான். அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை. நாலு பேரின் தேர்ச்சியும் ரத்தானது. பள்ளி திறக்குமுன் எல்லோரும் புதிதாக எழுத வேண்டும் என்றார் செமெராரோ. இந்த முறை அவர் எதிரிலேயே உட்கார்ந்து, பேனாவும் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு. சவேரியாவுக்கு மட்டும் மருத்துவமனையிலிருந்தே எழுதி அனுப்ப அனுமதி.

ஆறாம் நாள்தான் ஓர்னெல்லா அவளைப் பார்க்கப் போனாள். அதற்குமுன் மூன்று முறை வாசல்வரை போய்த் திரும்பியிருந்தாள். படியில் பீனா எதிர்ப்பட்டாள். அடிப்பாள் என்று ஓர்னெல்லா எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பீனா அவளைத் தாண்டிப் போய்விட்டு, இரண்டு படி இறங்கி நின்றாள்.

“என்னையும் இங்க ஒரு டாக்டர் பாத்தாரு. உங்களுக்கு வைத்தியம் தேவையில்ல, ஒரு வருஷமா தண்ணிதான் குடிச்சிருக்கீங்க, எப்பவோ விட்டுட்டீங்கன்னாரு.” சிரிப்பதற்காகத் திறந்த வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். “தூக்கமில்லாம நான் பொலம்பினப்பல்லாம் எம்புள்ள பக்கத்துலயேதான் உக்காந்திருந்தா.”

சவேரியா ஜன்னலோரக் கட்டிலில் இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்களாம், மாதக்கணக்கில் ஆகுமாம். போர்வைக்கு மேலே கிடந்த கைகள் நடுங்கின, அவள் அவற்றை மறைக்கவில்லை. அந்த நாப்பது சொட்டின் முதல் வாயிலேயே கசப்புத் தெரிந்துவிட்டது, புதுப் பாட்டில் என்று அப்போதே தெரியும் என்றாள். பிறகு ஏன் முழுவதையும் குடித்தாய் என்று ஓர்னெல்லா கேட்டாள்.

“அம்மா பாத்துட்டு நின்னா. துப்பினா சொல்லணும். சொல்றதுக்கு ஒருக்கா முயற்சி பண்ணிட்டேன்ல.”

என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் ஓர்னெல்லா வந்திருந்தாள், இப்போது அதைச் சொல்ல அவளுக்குக் கூசியது. ஜன்னலுக்கு வெளியே கிரீஸுக்குப் போகும் கப்பல் ஊதியது. சவேரியா அந்தத் தாள் எங்கே என்று விசாரித்தாள். மருத்துவமனைக் கோப்பில் சேர்த்துவிட்டார்கள், திரும்பக் கிடைக்காது என்றாள் ஓர்னெல்லா.

“அப்ப மறுபடி எழுதணும்.”

“ஆமா.”

சொல்லும்போதே ஓர்னெல்லாவின் கை பழக்கத்தில் பைக்குள் போய்விட்டது. நோட்டை எடுத்தாள், முழங்கால் மேல் வைத்தாள், பேனா மூடியைக் கழற்றினாள். முதல் வாக்கியம்கூட மனதில் வந்துவிட்டது, நல்ல வாக்கியம். சவேரியா கட்டிலிலிருந்து கையை நீட்டினாள்.

“குடு,” என்றாள். “இந்தத் தடவ நீ எழுதாத.”

ஓர்னெல்லா நோட்டையும் பேனாவையும் கொடுத்தாள். முதல் எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே இறங்கியது. சவேரியா அதை அடிக்காமல் அடுத்ததை எழுதினாள். ஓர்னெல்லா படிக்காமல் இருப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.